சோளக் களத்துப் போர்மேன்

காளீஸ்வரனுக்குத் தன் பெண்டாட்டி மேல் பொறாமை. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவான். பங்காளி மேல் பொறாமைப்படலாம், பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படலாம், அதற்கெல்லாம் ஊரில் இடம் உண்டு. கட்டின பெண்டாட்டி மேல் ஒருத்தன் பொறாமைப்பட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்லி ஆறுவது? அதனால் அவன் மக்காச்சோளத்தைத் திட்டினான். சோளம் திருப்பித் திட்டாது.

அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் அவன் போர்மேனாக இருந்தவன். சாதாரண உத்தியோகம் இல்லை அது. அவன் நடந்து வந்தால் அறைக்கு அறை பேச்சு நின்றுபோகும். உரசிப் பொறி தட்டுகிற மாதிரி சேலையில் ஊக்கு குத்தியிருக்கிறதா, காலில் செருப்பு கிடக்கிறதா, அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று அவன் கண் ஒரு சுற்றுச் சுற்றும். வானம் கறுத்து இடி இடித்தால் போதும், அவன் ஒரு சத்தம் கொடுப்பான். திரி செருகிக்கொண்டிருந்த கை, வெடிமருந்து அள்ளிக்கொண்டிருந்த கை எல்லாம் அப்படி அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, அவன் மறுசத்தம் கொடுக்கும்வரை வெட்டவெளியில் நிற்கும். மின்னல் நேரத்தில் மருந்தறைக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. அந்த விதியில் அவன் ஒருநாளும் தவறியதில்லை. அந்தக் குரலுக்கு எழுந்து ஓடியவர்களில் பானுப்பிரியா என்று ஒருத்தி இருந்தாள். காகிதக் குழாய் உருட்டுகிற வேலை அவளுக்கு. அவளைத்தான் அவன் கட்டிக்கொண்டான். கட்டிய பிறகும் அந்தக் குரலுக்கு அவள் எழுந்து ஓடிக்கொண்டுதான் இருந்தாள். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

மார்கழியில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அனுமதித்த அளவைவிட மருந்து கூடுதலாக இருக்கிறதென்று கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். பொங்கல் கழிந்ததும் திறந்துவிடுவோம் என்றார் முதலாளி. பொங்கல் கழிந்தது. தைப்பூசம் கழியட்டும் என்றார். அதுவும் கழிந்தது. பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் எல்லாம் வேறு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். காளீஸ்வரன் போகவில்லை. போர்மேன் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவன் இன்னொரு கம்பெனியில் போய்ப் பெட்டி ஒட்டுவானா? சுவரைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

பானுப்பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வடக்கே எங்கேயோ மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை ஒன்று வந்திருந்தது. இந்தப் பக்கத்துக் கரிசல் காட்டுச் சோளத்தை வாங்கிக் காயவைத்துத் தூற்றி அனுப்ப அந்த ஆலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு சிமெண்டுக் களத்தைப் பிடித்து, மகளிர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த பெண்கள் எல்லாரும் சீல் வைத்த கம்பெனியில் வேலை பார்த்தவர்களே. லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. பானுப்பிரியா நின்றாள். ஒரே மாதத்தில் களம் அவள் சொல்லுக்கு ஆடியது. ஈரம் பார்க்கிற மெஷின் அவள் தோள்பையில் இருந்தது. எத்தனால் கம்பெனி அவளுக்கு ஒரு பழைய ஸ்கூட்டரும் கொடுத்தது.

அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவரை அந்தத் தெருவில் அவன் வீட்டுக்குப் போர்மேன் வீடு என்று பெயர். மாசி பிறந்ததும் ஒருநாள் கூரியர்காரன் தெருமுனையில் நின்று வழி கேட்க, யாரோ ஒரு பொம்பளை, "எத்தனால் அக்கா வீடா, அந்தா அந்தப் பச்ச கேட்டு" என்று கை காட்டினாள். பச்சை கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தவன் காளீஸ்வரன். அவன் கேட்டுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம் சோறு போடும்போது அவள் களத்துக் கதை பேசுவாள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது அவளுக்கு. புதிதாகத் தெரிந்துகொண்டதை யாரிடமாவது சொல்ல வேண்டும், புருஷனைத் தவிர வேறு யாரிடம் சொல்வாள்? சோளத்தை அரைத்து, வேகவைத்து, நொதிக்கவிட்டுக் காய்ச்சி வடித்தால் எத்தனால் கிடைக்கும் என்பாள். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு அதைத்தான் கலக்கிறார்கள், அந்த அளவுக்குக் கப்பலில் வாங்கும் எண்ணெய் மிச்சம் என்பாள். பூமிக்கடியில் இருந்து எடுக்கிற எண்ணெய் எடுத்தால் எடுத்ததுதான், இது புரட்டாசியில் விதைத்தால் தையில் மறுபடியும் வந்து நிற்கும் என்பாள்.

"சாராயந்தான?" என்றான் அவன்.

ஆமாம், குடிக்கிறதுக்கு இல்லை, வண்டிக்கு என்றாள். அப்படியானால் வண்டி போதையில் போய் எங்கேயாவது முட்டும் என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குத்தலாகச் சொன்ன பேச்சுக்கு ஒருத்தி மனசாரச் சிரித்தால் சொன்னவனுக்கு எப்படி இருக்கும்? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு எத்தனாலுக்கு எதிராக உலகத்தில் என்னென்ன பேச்சு உண்டோ அத்தனையையும் அவன் தேடித்தேடிச் சேர்த்தான். அந்த உழைப்பில் கால்வாசியை வேலை தேடுவதில் காட்டியிருந்தால் எங்கேயாவது போர்மேன் ஆகியிருப்பான். டீக்கடையில் கேட்டதை வீட்டில் கொண்டுவந்து கொட்டினான். உன் சோளத்தண்ணியைக் கலந்ததிலிருந்து என் வண்டி மைலேஜே கொடுக்க மாட்டேன் என்கிறது என்றான். கொஞ்சம் குறையத்தான் செய்யும், இல்லையென்று யார் சொன்னது என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டது அவனுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. கோழி தின்கிற சோளத்தை எல்லாம் நீங்கள் அள்ளிக்கொண்டு போவதால்தான் முட்டை விலை ஏறிப்போச்சு என்றான். சாறு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை சத்துள்ள தீவனமாக மாட்டுக்கும் கோழிக்கும் திரும்பி வருகிறது என்றாள். முன்னெல்லாம் தீவன வியாபாரி சொன்னதுதான் விலை, வெள்ளாமைக்காரர்கள் அவன் லாரி வருமா வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், இப்போது வாங்க இரண்டு பேர் இருப்பதால் நின்று பேசுகிறார்கள் என்றாள். கடைசியாக, எதார்த்தமாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"புகையும் கம்மியாம்ங்க. கம்பெனிக்காரக சொன்னாக. ஊருக்கு நல்லதுதான?"

இருபது வருஷம் அவன் செய்த வேலை முழுக்க ஒரு நிமிஷம் எரிந்து புகையாகப் போகிற வேலை. அதை அவள் சொல்லவில்லை. சொன்னதாக அவன் காதில் விழுந்துவிட்டது. தீ என்றால் இந்த வீட்டில் அது அவன் சொத்து. எது எரியும், எப்படி எரியும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு அவன் ஒருத்தன்தான் இருந்தான். இன்றைக்கு அவளும் எரிகிற ஒன்றைக் கையில் வைத்திருக்கிறாள். அதுவும் ஊருக்கு நல்லதாம். அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்குப் புகைகூட வரவில்லை.

இதில் சுந்தரபாண்டி வேறு. மல்லாங்கிணறு பக்கம் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி அவர். காளீஸ்வரனின் அப்பனும் ஆத்தாளும் அவர் வீட்டுக் காட்டில்தான் கதிர் ஒடித்தார்கள். அந்த உரிமையில் அவர் அவனை எங்கே பார்த்தாலும் "ஏலே காளி" என்பார். போர்மேன் ஆனபிறகும் ஏலே காளிதான். அது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் தன் சோளத்தை ஆமத்தூர்க் களத்துக்குப் போட வந்த சுந்தரபாண்டி, பானுப்பிரியாவைப் பார்த்து, "வாங்க தாயி, நல்லா இருக்கீகளா" என்று எழுந்து நின்றார். அதைக் காளீஸ்வரன் கண்ணால் பார்த்தான். அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளி கொடுக்க வந்த இடத்தில் பார்த்தான். தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பியே பார்க்காமல் வந்துவிட்டான்.

பங்குனி தொடங்கியபோது களத்துக்கு ஒரு சோதனை வந்தது. இந்த சீசன் வெள்ளோட்டம்தான் என்று கம்பெனி முதலிலேயே சொல்லியிருந்தது. கடைசி லோடு பெரிய லோடு. அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் களம் மூன்று வருஷத்துக்கு இந்தக் குழுவுக்கே. ஏதாவது குளறுபடி ஆனால் சாத்தூர்ப் பக்கம் இன்னொரு குழு தயாராக இருக்கிறது, களம் அங்கே போய்விடும். போனால் இந்தப் பெண்கள் மறுபடியும் எந்த மருந்தறை திறக்கும் என்று பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பானுப்பிரியா தூங்கி எழுந்ததும் வானத்தைத்தான் பார்த்தாள். களம் நிறைய சோளம் பரப்பிக் கிடந்தது, அதில் முக்கால்வாசி சுந்தரபாண்டி காட்டுச் சோளம்.

அந்த நேரம் பார்த்து விருதுநகரில் கம்பெனிக் கூட்டம் என்று அவளைக் கூப்பிட்டார்கள். போய்த்தான் ஆக வேண்டும். காலையில் தலை சீவிக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"நீங்க சும்மாதான இருக்கீக. இன்னைக்கு ஒருநா களத்தப் பாத்துக்கங்க. மேகம் தெரட்டுச்சுன்னா தார்ப்பாயப் போடச் சொன்னாப் போதும், அவளுகளே போட்ருவாளுக."

சும்மாதான. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் ஆமத்தூர் விலக்குவரை வண்டி ஓட்டினான்.

களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டான். யாரும் கழற்றச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடம் என்றால் அவன் கால் தானாகக் கழற்றும். பெண்கள் பலகையால் சோளத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சோலையம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் அந்தப் பெண்களில் மூத்தவள், அவன் கம்பெனியில் திரி செருகியவள். காளீஸ்வரனுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி வந்தான். இந்த வரிசையை இன்னும் மெலிசாகப் பரப்பு, அந்தச் சாக்கை ஓரமாக வை என்று இரண்டு மூன்று உத்தரவு போட்டான். செய்தார்கள். பரவாயில்லை, இந்த உலகம் இன்னும் முழுசாகக் கெட்டுப்போகவில்லை என்று நினைத்தான்.

மத்தியானம் சுந்தரபாண்டி பைக்கில் வந்து இறங்கினார். ஒரு கை சோளத்தை அள்ளிப் பார்த்தார், பல்லில் வைத்துக் கடித்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம்தான் அவனைக் கண்டார்.

"ஏலே காளி, நீ எங்க இங்கன? பானும்மா இல்லையா? சரி சரி, அவுக வந்தா நா வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லிரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீதான் பார்த்துக்கொள்கிறாயா, நன்றாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கிடையாது. தூது சொல்ல ஒரு ஆளாகத்தான் அவன் அவர் கண்ணில் பட்டிருக்கிறான். பெண்கள் வேறு கேட்டுவிட்டார்கள். பானும்மா, அவுக, இவுக. அவனுக்குக் காது மடல் சூடேறியது. களத்தைப் பார்த்தான். மஞ்சள் மஞ்சளாய்க் கிடந்த சோளம் முழுவதும் அவளுடைய வெற்றிக்கொடியாகத் தெரிந்தது.

மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை, இது சத்தியம். திடீரென்று தலைக்கு மேலேயே பிளந்ததுபோல ஓர் இடி. அவன் யோசிக்கவே இல்லை. இருபது வருஷத்துக் குரல் தானாக எழுந்தது.

"எந்திரி! போட்டது போட்டபடி வெளிய வா!"

பெண்களும் யோசிக்கவில்லை. அவர்களும் அதே இருபது வருஷத்துக்காரர்கள்தானே. பலகையைப் போட்டார்கள், கையை உதறினார்கள், ஓடினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற கொட்டகையில் போய் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி தலையை எண்ணினாள், கம்பெனியில் எண்ணுவதுபோல. காளீஸ்வரன் கடைசியாக வந்து சேர்ந்தான். எல்லாம் கச்சிதமாக நடந்துவிட்டது. எதற்காக நடந்தது என்பதுதான் கொஞ்சம் தாமதமாக மண்டையில் ஏறியது.

இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. காற்று மட்டும் அடித்தது. களத்து மூலையில் தார்ப்பாய்கள் மடித்தபடி இருந்தன. சோலையம்மாள்தான் முதலில் சுதாரித்தாள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, இது மருந்தில்லையே, சோளந்தான. மளைக்கு முந்தி ஓடிப்போயி தார்ப்பாய இழுத்துப் போட்ருவமா?"

அவள் சொல்வதற்குள்ளாகவே அவனுக்கும் தெரிந்துவிட்டது. சோளம் வெடிக்காது. ஆறு பேர் ஓடினால் தார்ப்பாயை இழுத்து மூட நேரம் இருக்கிறது. மின்னல்கூட இன்னும் மலைக்குப் பக்கத்தில்தான் அடிக்கிறது. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது அவனுக்கு. எல்லாம் தெரிந்தே, நனையட்டும் என்று நினைத்தான். ஒருநாள், ஒரே ஒருநாள், அவள் களமும் சீல் வைத்த களமாக ஆகட்டும்.

"நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது" என்றான்.

அசையவில்லை. மழை வந்தது. கோடை மழை, சட்டிசட்டியாக ஊற்றியது. சோளம் முதலில் நிறம் மாறியது, அப்புறம் மிதந்தது, அப்புறம் வாய்க்கால் பக்கமாகச் சாரைசாரையாக ஓடியது. பெண்களில் ஒருத்தி அழுதாள். காளீஸ்வரனுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது. மழை விடும்வரைகூட அது நிற்கவில்லை.

பானுப்பிரியா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். ரோட்டிலேயே ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுக் களத்தைப் பார்த்தபடி நின்றாள். பெண்கள் அவனுக்கு முந்திக்கொண்டு பேசினார்கள். அண்ணன் மேல் தப்பில்லை, இடி இடித்ததும் பழக்கதோஷத்தில் சத்தம் கொடுத்துவிட்டார், நாங்களும் புத்தியில்லாமல் ஓடிவிட்டோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் அவனைத் தாங்கினார்கள். சோலையம்மாள் மட்டும் வாய் திறக்காமல் துடைப்பத்தை எடுத்து வாய்க்காலை மறிக்கப் போனாள். பானுப்பிரியா அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு களத்துக்குள் இறங்கிவிட்டாள்.

அடுத்து வந்த நாள்களில் அங்கே வெயில் படுகிற சிமெண்டுத் தரை ஒன்றுகூட மிச்சமில்லை. கல்யாண மண்டப வாசல், ரேஷன் கடை முன்புறம், நாற்கரச் சாலையின் ஓரம் என்று கிடைத்த இடமெல்லாம் சோளத்தைக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். காளீஸ்வரனும் மாடாக உழைத்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பயந்துகொண்டே சுந்தரபாண்டியை எதிர்பார்த்தான். வந்தவர் நாலு வசவு வைது, பளாரென்று ஓர் அறை கொடுத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவர் அறையவில்லை.

"விடுங்க தாயி, அவன் வேணும்னா செஞ்சான்? மருந்துக்குள்ளயே கெடந்த பய. இடி கேட்டா ஓடத்தான் சொல்லுவான்" என்று பானுப்பிரியாவிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த டீயை அவன் குடித்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஊரும் அதையே பேசியது. பாவம், எம்புட்டு வருசப் பழக்கம், கனவில்கூட இடி கேட்டால் வெளியே ஓடுவான்போல என்று சிரித்தார்கள், இரக்கப்பட்டார்கள். தான் செய்தது துரோகம் என்றுகூட யாரும் நினைக்க மாட்டேன் என்கிறார்களே! துரோகம் செய்கிற அளவுக்குக்கூட அவனை யாரும் ஆளாக மதிக்கவில்லை என்று அவனுக்கு அதிலும் ஒரு புழுக்கம்.

தீவன வியாபாரி ஒருத்தர் வந்து பார்த்தார். காய்ந்த சோளத்தில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து மோந்தார். நிறம் செத்துப்போச்சு, கறுப்படித்துவிட்டது, இதைக் கோழிக்குப் போட்டால் பண்ணைக்காரன் என்னைத் தொலைத்துவிடுவான் என்று கையை உதறிவிட்டுப் போனார். பானுப்பிரியாவின் முகம் சுண்டிப்போனதை அன்றைக்குத்தான் காளீஸ்வரன் முதல்முதலாகப் பார்த்தான். இத்தனை நாளாக அவன் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி செந்தூர்பாண்டி வந்தார். மெஷினில் ஈரம் பார்த்தார். குவியலின் அடியிலிருந்து அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். களம் இருக்குமா போகுமா என்பது அந்த உள்ளங்கையில் கிடந்தது.

பூஞ்சை இல்லை என்றார். அது பிடிப்பதற்குள் காயவைத்துவிட்டீர்கள். நிறம் எங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, அரைத்து வேகவைத்து நொதிக்கப் போடுகிற சோளத்தில் அழகு பார்த்து என்ன ஆகப்போகிறது, உள்ளே மாவு இருந்தால் போதும், எரிகிற எத்தனாலுக்குக் கறுப்பும் சிவப்பும் தெரியாது என்றார். எடையில் கொஞ்சம் கழிவு போகும், லோடு ஏற்றலாம். சொல்லி முடிக்கவில்லை, சோலையம்மாள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோழி தொடாத சோளத்தையும் ஒருத்தன் வாங்கிக்கொள்கிறான். காளீஸ்வரன் அத்தனை நாள் தேடித்தேடிச் சேர்த்த பேச்சில் இது மட்டும் இல்லாமல் போய்விட்டது. நனைத்தும் அந்தச் சோளத்தை அவனால் கெடுக்க முடியவில்லை.

எப்படி நனைந்தது என்று செந்தூர்பாண்டி கேட்டார். பானுப்பிரியா சொன்னாள். இடி இடித்தது, போர்மேன் சத்தம் கொடுத்தார், அத்தனை பேரும் சோளத்தைப் பார்த்துப் பயந்து ஓடினோம் என்று அவள் சொன்ன விதத்தில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் காளீஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சத்தத்துக்கு இத்தனை பேரை வெளியே கொண்டுவருகிற ஆள் எங்கள் ஆலைக்குத்தான் வேண்டும், எத்தனால் டேங்க் பக்கத்தில் இந்தப் பயம் உள்ளவன்தான் நிற்க வேண்டும், பாதுகாப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறோம், அனுப்பிவையுங்கள் என்றார். அதையும் அவனிடம் சொல்லவில்லை, பானுப்பிரியாவிடம் சொன்னார்.

லோடு போய்விட்டது. களம் மூன்று வருஷத்துக்கு உறுதியாகிவிட்டது. அவன் பைக் பஞ்சர் என்பதால் அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தான். சிவகாசி ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவள் வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கச் சொன்னாள். இறங்கினான்.

"முத இடிக்கு வெளிய வான்னு சொன்னது போர்மேன். அது எனக்குத் தெரியும். நானும் அந்தச் சத்தத்துக்கு ஓடுனவதான். சோலையம்மா தார்ப்பாய் போடுவமான்னு கேட்டாளாம்ல, அப்ப அசையக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

அவள் குரலில் சூடு இல்லை. ஈரம் பார்க்கும்போது மெஷினில் எண் நிற்கும்வரை காத்திருப்பாளே, அப்படிக் காத்திருந்தாள். பழக்கதோஷம் என்று சொல்லிவிடலாம். ஊரே அவனுக்காக அந்தப் பொய்யைத் தயாராக வைத்திருந்தது. சுந்தரபாண்டி டீ வாங்கிக் கொடுத்து உறுதிப்படுத்திய பொய்.

"ஒன் புருசன்" என்றான்.

அவள் தலையாட்டினாள். சோலையம்மாள் அன்றைக்கே தன்னிடம் சொல்லிவிட்டதாகவும், வேறு யாரிடமும் பேசக் கூடாதென்று தான்தான் அவள் வாயைக் கட்டி வைத்திருப்பதாகவும் சொன்னாள். ஆறு பெண்களின் பிழைப்பு அந்தக் களம், என் ஒருத்தி மேல் இருந்த காந்தலுக்கு அவர்கள் சோற்றில் கை வைத்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பான்.

"ஆலைக்குப் போர்மேன் போகட்டும். நாளைக்கே போகட்டும், நல்ல வேல. ஆனா எங் களத்துக்குள்ள புருசன் மட்டும் கால் வைக்கப்பிடாது."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். "ஏறுங்க" என்றாள். ஏறினான். அவள் வண்டியைக் குலுங்காமல் ஓட்டினாள், பள்ளம் பார்த்து ஒதுங்கினாள், எதிரே வந்த தெரிந்தவர்களுக்குத் தலையசைத்தாள். ஒன்றுமே நடக்காததுபோல இருக்க அவளால் முடிகிறது. அவன் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால் ஆமத்தூர் விலக்கிலேயே ஊரைக் கூட்டியிருப்பான். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததும், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே, அவனுக்கு மறுபடியும் வயிறு எரியத் தொடங்கியது.